பழைய பேரலல் போர்ட்டை இன்றைய லினக்ஸில் இயக்க: அனுமதி வாங்கும் படிகள்

பழைய சிஎன்சி ரவுட்டர் (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்), ஈப்ராம் சிப்பில் தரவு எழுதும் புரோகிராமர், ஆய்வகத்தில் ஈஈஜி கருவிக்கு டிரிகர் அனுப்பும் பெட்டி, யாரோ கையால் செய்த ரிலே போர்டு. இவற்றில் ஏதோ ஒன்று, முன்பு அச்சுப்பொறியை இணைத்த பேரலல் போர்ட்டுக்கான 25 ஊசிக் கனெக்டரோடு உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. கணினியில் இருப்பதோ புத்தம் புது லினக்ஸ். நிரலை ஓட்டினால் அனுமதி இல்லை என்கிறது. சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகி உரிமையோடு ஓட்டினாலும் அதே பதில்தான். இந்த இடத்தில்தான் பலருக்கும் நாள்கணக்கில் நேரம் போகிறது, எனக்கும் போனது.

காரணம் எளிது. பழைய வன்பொருளைத் தொட வரும் நிரலை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் நான்கு இடங்களில் நிறுத்திக் கேட்கிறது. அந்த வசதி கெர்னலில் சேர்க்கப்பட்டிருக்கிறதா? லாக்டவுன் என்ற பாதுகாப்புத் தடை போடப்பட்டிருக்கிறதா? இந்த நிரலுக்கு அதற்கான தனி அதிகாரம் உண்டா? சாதனக் கோப்பைத் திறக்க இந்தப் பயனருக்கு உரிமை உண்டா? சூடோ பதில் சொல்வது கடைசி இரண்டுக்கு மட்டும். முதல் இரண்டில் மாட்டியிருந்தால் ரூட் ஆனாலும் ஒன்றும் நடக்காது. அதனால் எப்போதும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

தொடங்குமுன் இரண்டு குறிப்புகள். இது இன்டெல், ஏஎம்டி செயலிகள் உள்ள கணினிக்கு எழுதியது. ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் போர்டுகளில் இந்த வகைப் போர்ட் முகவரியே கிடையாது. கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன்; டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வழியில் போகப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பேரலல் போர்ட்டைத் தொட லினக்ஸில் மூன்று வழிகள் உண்டு. எல்பி என்ற டிரைவர் அச்சுப்பொறிக்கு. அச்சுப்பொறி தவிர வேறு எதற்கும் அது பயன்படாது, அதை விட்டுவிடலாம்.

இரண்டாவது பிபிடெவ். டெவ் அடைவில் பார்போர்ட்0 என்று ஒரு சாதனக் கோப்பு வரும். உங்கள் நிரல் அதைத் திறந்து, "இந்த பைட்டை எழுது", "நிலையைப் படி" என்று கெர்னலிடம் கேட்கும். வன்பொருளைத் தொடுவது கெர்னல் டிரைவர்தான். சாதாரணக் கோப்பு அனுமதி இருந்தாலே போதும், ரூட் வேண்டாம்.

மூன்றாவது நேரடி வழி. உங்கள் நிரலே செயலியின் இன், அவுட் ஆணைகளை ஓட்டும். அதற்கு முன் ஐஓபெர்ம் அல்லது ஐஓபிஎல் என்ற சிஸ்டம் கால் மூலம் கெர்னலிடம் அனுமதி கேட்க வேண்டும். டெவ் அடைவில் உள்ள போர்ட் என்ற கோப்பு வழியாகப் படித்து எழுதுவதும் அனுமதியைப் பொறுத்தவரை இதே வகைதான்.

எதை எடுப்பது? நிரலின் மூலக்கோடு உங்கள் கையில் இருந்து, வேலை ரிலே, ஈப்ராம், டிரிகர் போன்றதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிபிடெவ் எடுங்கள். ஒவ்வொரு முறை எழுதும்போதும் கெர்னலுக்குள் போய் வரும் தாமதம் உண்டு, ஆனால் இந்த வேலைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஸ்டெப்பர் மோட்டாருக்கான துடிப்பை மென்பொருளே சில பத்து மைக்ரோ விநாடிக்கு ஒன்றாக உருவாக்குகிறது என்றால் நேரடி வழிதான். லினக்ஸ்சிஎன்சி அப்படித்தான் போர்ட்டைப் பிடிக்கிறது.

மூலக்கோடு இல்லாத பழைய நிரல் எந்த வழியில் போகிறது என்று தெரியவில்லையா? நிரலின் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியின் கீழ் ஓட்டிப் பாருங்கள். ஐஓபெர்ம் அல்லது ஐஓபிஎல் என்று ஒரு வரி வந்தால் நேரடி வழி. பார்போர்ட் கோப்பைத் திறக்கும் வரி வந்தால் பிபிடெவ். ஐந்து நிமிட வேலை, பின்னால் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

மதர்போர்டின் கையேடு. அதில் எல்பிடி (பேரலல் போர்ட்) ஹெடர் எங்கே இருக்கிறது, பயாஸில் (கணினி துவங்கும்போது நுழையும் அமைப்புப் பகுதி) அதன் பக்கம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கருவியின் ஊசி வரைபடம். 2 முதல் 9 வரை தரவு, 18 முதல் 25 வரை தரை என்பது எல்லாருக்கும் பொது. மற்ற ஊசிகளைக் கருவி செய்தவர் தன் விருப்பப்படி பயன்படுத்தியிருப்பார். ஒன்றைக் கவனியுங்கள்: 1, 14, 17 ஆகிய கட்டுப்பாட்டு ஊசிகளும் 11 என்ற நிலை ஊசியும் வன்பொருளிலேயே தலைகீழானவை. பிட்டில் 1 எழுதினால் ஊசியில் 0 வரும். வரைபடத்தில் அந்த நான்கையும் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள்.

கணினியில் விண்டோஸும் சேர்ந்திருந்தால், அதன் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. இது 48 இலக்க எண். செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவக்க விடும் பயாஸ் வசதி) அணைத்தால் அடுத்தமுறை விண்டோஸ் இதைக் கேட்கும் வாய்ப்பு அதிகம். சாவி இல்லை என்றால் அந்த வட்டில் இருப்பதைத் திறக்க முடியாது. அச்சிட்டு வைத்துக்கொள்ளாமல் 4ஆம் படிக்குப் போகாதீர்கள். அலுவலகக் கணினி என்றால் செக்யூர் பூட்டில் கை வைக்க ஐடி பிரிவின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி ஒப்புதல் சிக்கல் வரும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

3. போர்ட்டும் அதன் முகவரியும்

மதர்போர்டில் எல்பிடி ஹெடர் இருந்தால் பிராக்கெட் கேபிள் ஒன்று போதும், சொற்ப விலை. இல்லாவிட்டால் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு வாங்க வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். சென்னையில் ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். சிறிய டெஸ்க்டாப் பெட்டி என்றால் அரை உயரப் பிராக்கெட் கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இங்கேதான் முதல் பொறி. "இதுவும் பேரலல்தான் சார்" என்று கடைக்காரர் ஒரு யூஎஸ்பி கேபிளை நீட்டுவார், விலையும் குறைவாக இருக்கும். வாங்காதீர்கள். அது அச்சுப்பொறிக்கான கேபிள். அதற்குப் போர்ட் முகவரி கிடையாது, ஊசிகளைத் தனித்தனியாக ஆட்டவும் முடியாது. பெரும்பாலும் பார்போர்ட்0 என்ற கோப்பும் வராது.

கார்டில் இருக்கும் சிப் எது என்று கேளுங்கள். லினக்ஸுக்குத் தெரிந்த சிப் என்றால் டிரைவர் தானாகவே அதைக் கண்டுபிடிக்கும். இதன் அருமை 4ஆம் படியில் புரியும். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் கார்டின் படத்தைப் பெரிதாக்கி சிப் மேல் உள்ள எழுத்தைப் படித்துவிட்டு வாங்கலாம்.

இப்போது முகவரி. மதர்போர்டில் உள்ள போர்ட் என்றால் பெரும்பாலும் ஹெக்ஸ் 378, இன்டரப்ட் (செயலியை இடைமறிக்கும் சமிக்ஞை) எண் 7. பயாஸில் 278 என்றும் வைத்திருக்கலாம். பயாஸிலேயே எஸ்பிபி, ஈபிபி, ஈசிபி என்று முறையைத் தேர்ந்தெடுக்கும் இடமும் இருக்கும். கருவியின் கையேடு எதையும் குறிப்பிடவில்லை என்றால் ஈபிபியில் வையுங்கள். கார்டு என்றால் 378 என்பதை மறந்துவிடுங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான வெளியீட்டுக்கான வி தெரிவோடு ஓட்டினால், கார்டின் கீழே ஐ/ஓ போர்ட் வரிகள் வரும். 3010, அளவு 8 என்பதுபோல இருக்கும். பெரும்பாலும் அளவு 8 உள்ள முதல் வரிதான் அடிப்படை முகவரி. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினாலோ பயாஸை ரீசெட் செய்தாலோ இந்த எண் மாறலாம். கார்டு நகர்ந்தால் முகவரியையும் மறுபடி பாருங்கள்.

ப்ராக் அடைவில் ஐஓபோர்ட்ஸ் கோப்பிலும் இதைச் சரிபார்க்கலாம். அதைச் சாதாரணப் பயனராகத் திறந்தால் எல்லா முகவரியும் பூஜ்யமாகவே தெரியும். போர்ட் செத்துவிட்டது என்று பதற வேண்டாம். கெர்னல் வேண்டுமென்றே மறைக்கிறது, சூடோவோடு பார்த்தால் உண்மையான எண்கள் வரும்.

4. லாக்டவுன் இருக்கிறதா என்று பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதைத்தான் மக்கள் தவறவிடுகிறார்கள். 2019இல் வந்த 5.4 கெர்னலில் லாக்டவுன் என்ற வசதி சேர்ந்தது. ரூட்டாகவே இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை மாற்றக்கூடிய வழிகளை அது அடைக்கிறது. நேரடிப் போர்ட் அணுகலும் அந்த வழிகளில் ஒன்று. டெபியன், உபுண்டு, ஃபெடோரா மூன்றும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் லாக்டவுனைத் தாமாகவே போட்டுவிடுகின்றன. புது மடிக்கணினி, டெஸ்க்டாப் பெரும்பாலானவற்றில் செக்யூர் பூட் இயக்கத்தோடுதான் வருகிறது. அதனால் நீங்கள் எதையும் தொடாமலேயே இதில் மாட்டியிருப்பீர்கள்.

பார்ப்பது எப்படி? சிஸ் அடைவுக்குள் கெர்னல், அதற்குள் செக்யூரிட்டி, அதற்குள் லாக்டவுன் என்று ஒரு கோப்பு. அதைக் கேட் கட்டளையால் படித்தால் மூன்று சொற்கள் வரும்: நன், இன்டெக்ரிட்டி, கான்ஃபிடென்ஷியாலிட்டி. சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் இப்போதைய நிலை. நன் என்றால் பிரச்சினை இல்லை, அடுத்த படிக்குப் போங்கள். மற்ற இரண்டில் எது இருந்தாலும் ஐஓபெர்ம், ஐஓபிஎல், டெவ் அடைவின் போர்ட் கோப்பு மூன்றும் மூடியிருக்கும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி வெளியீட்டில் லாக்டவுன் என்று தொடங்கி, உங்கள் நிரலின் பெயரோடு ஒரு வரியும் இருக்கும்.

அந்தக் கோப்பில் நன் என்று எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். லாக்டவுனை ஏற்ற மட்டுமே முடியும். இறக்க வேண்டுமானால் கணினியை மறுபடி துவக்கத்தான் வேண்டும், அதுவும் காரணத்தை நீக்கிய பிறகு.

காரணத்தை நீக்க இரண்டு வழிகள். ஒன்று, பயாஸுக்குள் போய்ச் செக்யூர் பூட்டை அணைப்பது. இன்னொன்று, டெபியன், உபுண்டு வகைகளில் மோக்யூட்டில் கட்டளையில் சரிபார்ப்பை நிறுத்தும் தெரிவு. அதைக் கொடுத்தால் 8 முதல் 16 எழுத்துவரை ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி துவக்கும்போது நீலத்திரை ஒன்று வந்து அந்தக் கடவுச்சொல் முழுவதையும் கேட்காமல், "மூன்றாவது எழுத்து என்ன, ஏழாவது எழுத்து என்ன" என்று கேட்கும். அந்த நேரத்தில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, குறியீடுகள் இல்லாத எளிய சொல்லாகத் தாளில் எழுதி, எழுத்துகளுக்கு எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீலத்திரை கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், பார்க்காமல் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அணைப்பது சரியா என்று கேட்டால், கடைசி வழியாக மட்டும் சரி. பட்டறையில் இணையத்தோடு சேராமல் ஒரே இயந்திரத்தை ஓட்டும் கணினி என்றால் அணைத்துவிடலாம். வங்கிக் கணக்கு, அலுவலகக் கோப்பு எல்லாம் இருக்கும் கணினி என்றால் பிபிடெவ் வழிக்குத் திரும்புங்கள். டிஸ்ட்ரோவின் (உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) கெர்னலோடு வரும் பார்போர்ட், பிபிடெவ் மாட்யூல்கள் (கெர்னலில் ஏற்றும் டிரைவர் துண்டுகள்) முறையாகக் கையொப்பமிடப்பட்டவை. லாக்டவுன் அவற்றைத் தடுப்பதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. கார்டின் சிப்பைக் கெர்னலுக்குத் தெரியவில்லை என்றால், பார்போர்ட்_பிசி மாட்யூலை ஏற்றும்போது முகவரியை நீங்களே அளவுருவாகக் கொடுக்க வேண்டிவரும். லாக்டவுனில் அப்படி முகவரி கொடுப்பதும் தடை. தெரிந்த சிப் உள்ள கார்டை வாங்கச் சொன்னது இதற்குத்தான். கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை, செக்யூர் பூட்டைத் தொடாமலேயே வேலை முடியும்.

5. பிபிடெவ் வழி

மோட்ப்ரோப் கட்டளையால் பார்போர்ட்_பிசி, பிபிடெவ் இரண்டையும் ஏற்றுங்கள். டெவ் அடைவில் பார்போர்ட்0 வந்ததா பாருங்கள். வந்திருந்தால் அதன் குழு பெரும்பாலும் எல்பி என்று இருக்கும். உங்கள் பயனரை அந்தக் குழுவில் சேர்த்தால் போதும்.

சேர்க்கும் கட்டளை யூசர்மாட். இதில் குழுவைக் குறிக்கும் பெரிய ஜி தெரிவோடு, கூட்டிச் சேர் என்று பொருள்படும் சிறிய ஏ தெரிவையும் கட்டாயம் கொடுங்கள். ஏ இல்லாமல் அடித்தால் நீங்கள் இருந்த மற்ற எல்லாக் குழுவிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள், சூடோ குழு உட்பட. அப்புறம் சூடோவே வேலை செய்யாது, மீட்பு முறையில் துவக்கித்தான் சரிசெய்ய வேண்டும்.

சேர்த்த உடனே பலன் தெரியாது. முழுமையாக லாக் அவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும். புது டெர்மினல் சன்னல் திறப்பது போதாது, பின்னணியில் ஓடும் டிமக்ஸ் டெர்மினல் அமர்வும் பழைய குழுக்களோடுதான் இருக்கும். ஐடி கட்டளையில் எல்பி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

எல்பி குழுவில் சேர்ப்பது அச்சுப்பொறி உரிமையையும் சேர்த்துக் கொடுக்கும். அது வேண்டாம் என்றால் குரூப்ஆட் கட்டளையில் ஆர் தெரிவு போட்டுத் தனியாக ஒரு சிஸ்டம் குழு உருவாக்கி, சாதனக் கோப்புகளுக்கு உரிமை வைக்கும் யூடெவ் விதி ஒன்று எழுதுங்கள். எட்சி அடைவில் யூடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி. அங்கே ஒரு கோப்பு, அதில் ஒரே வரி: கெர்னல் பெயர் பார்போர்ட் என்று தொடங்கினால், குழு இது, முறை 0660. இந்த வரியில் ஒப்பிடும் இடத்தில் இரட்டைச் சமக்குறி (==), மதிப்பு கொடுக்கும் இடத்தில் ஒற்றைச் சமக்குறி (=). இரண்டையும் மாற்றிப் போட்டால் விதி நீங்கள் நினைத்தபடி வேலை செய்யாது. பிறகு யூடெவ்ஆட்ம் மூலம் விதிகளை மறுபடி ஏற்றி, டிரிகர் கொடுங்கள்.

குழு வேண்டாம், திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் உரிமை போகட்டும் என்றால் யூஅக்செஸ் என்ற டேக் இருக்கிறது. அந்த விதிக்கோப்பின் பெயர் 73க்குக் குறைவான எண்ணில் தொடங்க வேண்டும். 99 என்று பெயர் வைத்தால் டேக் ஏறும், உரிமை ஏறாது. டேக்கைப் பார்த்து உரிமை கொடுக்கும் விதி 73ஆம் எண்ணிலேயே ஓடி முடிந்திருக்கும்.

இன்னும் ஒரு பொறி: எல்பி டிரைவர். டெபியன், உபுண்டுவில் அச்சுப்பொறிக்கான கப்ஸ் வடிகட்டித் தொகுப்பு, துவக்கத்திலேயே எல்பி மாட்யூலையும் ஏற்றிவிடும். உங்கள் நிரல் போர்ட்டைத் தனக்கு மட்டும் என்று கேட்டால், எல்பி ஏற்கெனவே பதிவாகியிருப்பதால் கெர்னல் மறுக்கும். ஆர்எம்மாட் போட்டு எல்பியை இறக்கிப் பாருங்கள். சரியானால் எட்சி அடைவின் மோட்ப்ரோப்.டி கீழே தடைப்பட்டியல் வரி சேருங்கள், எட்சியின் மாட்யூல்ஸ்-லோட்.டி கீழே கப்ஸ் போட்டிருக்கும் கோப்பிலிருந்தும் எல்பி வரியை எடுங்கள். பெயர் சொல்லி ஏற்றும்போது தடைப்பட்டியல் அதை நிறுத்தாமல் விடவும் கூடும்.

கார்டு கையில் இருந்தால் இந்தப் படி ஒரு மணி நேரத்தில் முடியும்.

6. நேரடி வழி

இதற்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள்.

முதலில் கெர்னலில் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட் அடைவில் கான்ஃபிக் என்று தொடங்கும் கோப்பில் ஐஓபிஎல், ஐஓபெர்ம் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்த வரியைத் தேடுங்கள். அதன் முடிவில் ஒய் இருக்க வேண்டும். இல்லையென்றால் கெர்னலை நீங்களே தொகுக்க வேண்டும். அந்த நிலைக்கு வந்தால் வேறு டிஸ்ட்ரோ போடுவதே மலிவு.

அடுத்தது அதிகாரம். கெர்னல் கேட்பது கேப்_சிஸ்_ராஐஓ என்ற கேபபிலிட்டி (ரூட்டின் அதிகாரத்தில் தனியாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய ஒரு பகுதி). டெவ் அடைவில் உள்ள போர்ட் கோப்புக்கு 777 கொடுத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம். கோப்பு அனுமதி இருந்தாலும், திறக்கும்போது இந்தக் கேபபிலிட்டியையும் கெர்னல் தனியாகப் பார்க்கிறது. 777ஐ எடுத்துவிடுங்கள், அதனால் ஒரு பயனும் இல்லை.

நிரல் முழுவதையும் ரூட்டாக ஓட்டுவதைவிட, செட்கேப் கட்டளையால் அந்த ஒரு நிரல் கோப்புக்கு மட்டும் இதைக் கொடுக்கலாம். கேபபிலிட்டியின் பெயரை எழுதி, கூட்டல் குறி போட்டு, இ, பி என்ற இரண்டு எழுத்தையும் சேர்க்க வேண்டும். கொடுத்தது நின்றதா என்று கெட்கேப் சொல்லும். இதில் உள்ள இடர்கள்:

நிரலை மறுபடி தொகுத்தால் கேபபிலிட்டி போய்விடும், புதிதாகக் கொடுக்க வேண்டும். சாதாரணமாக நகலெடுத்தாலும் கூட வராது. மேக்ஃபைலின் கடைசி வரியாக செட்கேப்பைச் சேர்த்துவிட்டால் தொல்லை விடும்.

நோசூயிட் தெரிவோடு மவுன்ட் செய்த வட்டுப் பகுதியில் இது வேலை செய்யாது. யூஎஸ்பி டிரைவில் வைத்து ஓட்டுகிறவர்கள் கவனிக்கவும்.

பைத்தான் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்தால் பலன் இல்லை, ஓடுவது பைத்தான் இன்டர்பிரெட்டர். அந்த இன்டர்பிரெட்டருக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்தக் கணினியில் எந்தப் பயனர் ஓட்டும் எந்தப் பைத்தான் நிரலுக்கும் வன்பொருள் திறந்துவிடும். கேப்_சிஸ்_ராஐஓ சின்ன உரிமை இல்லை, கிட்டத்தட்ட ரூட். போர்ட்டைத் தொடும் பகுதியை மட்டும் சியில் சிறு நிரலாக எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நிரலுக்குள். ஐஓபெர்முக்கு மூன்று மதிப்புகள்: தொடக்க முகவரி, எத்தனை போர்ட், திற அல்லது மூடு. சாதாரணப் பயன்பாட்டுக்கு மூன்று போர்ட் போதும், தரவு, நிலை, கட்டுப்பாடு. ஈபிபி முறை என்றால் எட்டு. ஈசிபி பதிவேடுகள் ஹெக்ஸ் 400 தள்ளி இருக்கும், 378 என்றால் 778. அதற்குத் தனியாக ஒருமுறை கேட்க வேண்டும்.

முகவரிக்கு முன்னால் பூஜ்யமும் எக்ஸும் போட மறக்காதீர்கள். ஹெக்ஸ் 378 என்பது சாதாரண எண்ணில் 888. வெறும் 378 என்று எழுதினால் வேறு எங்கோ உள்ள போர்ட் திறக்கும். அது பழைய இரண்டாம் ஐடிஈ வட்டுக் கட்டுப்பாட்டியின் போர்ட்களுக்குப் பக்கத்து வீடு. நல்ல இடம் இல்லை.

டாஸ் அல்லது விண்டோஸ் கோட்டை மாற்றி எழுதுகிறீர்கள் என்றால் இன்னொன்று. அங்கே அவுட்பி செயற்பாட்டுக்கு முதலில் போர்ட், பிறகு மதிப்பு. லினக்ஸில் ஒற்றை பைட் எழுதும் செயற்பாட்டுக்கு முதலில் மதிப்பு, பிறகு போர்ட். கம்பைலர் எச்சரிக்காது. 255 என்ற போர்ட்டுக்கு எழுதப் போய் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழும், நீங்கள் அனுமதிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஐஓபெர்ம் கேட்ட திரெட்டுக்குத்தான் அனுமதி. போர்ட்டைத் தொடப்போகும் திரெட்டிலேயே அழையுங்கள். அனுமதி கிடைத்தவுடன் கேபபிலிட்டியைக் கைவிட்டுச் சாதாரணப் பயனராக மாறிவிடலாம், கிடைத்த போர்ட் அனுமதி அப்படியே இருக்கும். ரூட்டாகத் தொடங்கும் நிரலுக்கு இதுதான் ஒழுங்கான முறை.

பழைய நிரல்கள் ஐஓபெர்மை விட்டு ஐஓபிஎல் 3 என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. 2.6.8க்கு முந்தைய கெர்னலில் ஐஓபெர்ம் முதல் 1024 போர்ட்களுக்கு மட்டும்தான், கார்டுகளின் முகவரி அதற்கு மேல் இருந்தது. இப்போது 65536 போர்ட்களுக்கும் ஐஓபெர்ம் போதும். எனவே மூலக்கோடு உங்களிடம் இருந்தால் ஐஓபிஎல்லை எடுத்துவிட்டு ஐஓபெர்ம் போடுங்கள்.

இதில் ஒளிந்திருக்கும் மோசமான பொறி வேறு. முன்பெல்லாம் ஐஓபிஎல் 3 வாங்கிய நிரல், செயலியின் இன்டரப்ட்டையே நிறுத்திவைக்க முடியும். நேரம் துல்லியமாக இருக்க வேண்டிய புரோகிராமர் நிரல்கள் இதைச் செய்தன. 5.5 கெர்னலிலிருந்து ஐஓபிஎல் போர்ட் அனுமதியை மட்டுமே தருகிறது, இன்டரப்ட்டில் கை வைக்க விடுவதில்லை. தொடக்கத்தில் அப்படிப்பட்ட நிரல் ஃபால்ட்டில் விழுந்தது. பின்னால் வந்த கெர்னல்கள் அந்த ஆணையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, பதிவில் ஒரு வரி எழுதுவதோடு சரி. நிரல் இன்டரப்ட் நின்றுவிட்டது என்று நம்பி ஓடும், நடுவில் கெர்னல் குறுக்கிடும், சிப்பில் எப்போதாவது ஒரு பைட் தப்பாக ஏறும். அனுமதி எல்லாம் சரி, ஆனால் முடிவு மட்டும் சில நேரம் தப்பு என்றால் இங்கே தேடுங்கள்.

லினக்ஸ்சிஎன்சி பயன்படுத்துவோருக்கு: அதன் ரியல்டைம் நிரல் செட்யூயிட் ரூட்டாக (யார் ஓட்டினாலும் ரூட் உரிமையோடு ஓடும்படி) நிறுவப்பட்டிருக்க வேண்டும். மூலத்திலிருந்து தொகுத்தவர்கள் செட்யூயிட் கொடுக்கும் மேக் படியை விட்டுவிடுவதும், செக்யூர் பூட்டை அணைக்காததும்தான் முதலில் பார்க்க வேண்டிய இரண்டு.

7. சர்வீஸாகவோ கண்டெய்னரிலோ ஓட்டும்போது

சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் பயனரைக் குறிப்பிட்டு, ஆம்பியன்ட் கேபபிலிட்டீஸ் வரியில் கேப்_சிஸ்_ராஐஓ சேருங்கள். பிபிடெவ் என்றால் அது வேண்டாம், சப்ளிமென்டரி குரூப்ஸ் வரியில் எல்பி போதும். எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிய கோப்பில் பிரைவேட் டிவைசஸ் ஆம் என்று இருந்தால் அந்த வரியை நீக்குங்கள். அது சாதனக் கோப்புகளை மறைப்பதோடு, இந்தக் கேபபிலிட்டியையும் பிடுங்கி, போர்ட் அனுமதி கேட்கும் சிஸ்டம் கால்களையும் அடைத்துவிடும்.

டாக்கரில் பிபிடெவ்வுக்கு டிவைஸ் தெரிவில் பார்போர்ட்0 கொடுங்கள். ரூட் இல்லாமல் ஓடும் கண்டெய்னரில் நேரடி வழி நடக்காது. உள்ளே நீங்கள் ரூட்டாகத் தெரிந்தாலும், கெர்னல் வெளியே உள்ள உண்மையான அதிகாரத்தைத்தான் பார்க்கிறது.

8. கருவியைச் சேர்க்குமுன் சோதனை

ஒரு எல்இடி, ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர். 2ஆம் ஊசிக்கும் 25ஆம் ஊசிக்கும் நடுவே போடுங்கள். தரவுப் போர்ட்டில் 255 எழுதினால் எரிய வேண்டும், 0 எழுதினால் அணைய வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் மின்னழுத்தத்தையும் பாருங்கள். பழைய கருவிகள் 5 வோல்ட் எதிர்பார்க்கும், சில கார்டுகள் 3.3தான் தரும். அனுமதி எல்லாம் கிடைத்த பிறகும் கருவி அசையாமல் இருக்க இது ஒரு காரணம்.

மோட்டார் உள்ள இயந்திரம் என்றால் கணினி துவங்கி முடியும்வரை டிரைவ்களுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். பயாஸும் டிரைவரும் போர்ட்டைச் சோதிக்கும்போது ஊசிகள் தாமாக ஆடும். அந்த நேரத்தில் ஸ்பிண்டில் ரிலே எதில் மாட்டியிருக்கிறது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

9. பிழைச் செய்தியை வைத்து இடத்தைப் பிடிப்பது

ஐஓபெர்ம், ஐஓபிஎல் அழைப்புக்கு "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று வந்தால் கேபபிலிட்டி இல்லை அல்லது லாக்டவுன். சூடோவோடும் அதே செய்தி வந்தால் லாக்டவுன்தான், 4ஆம் படி. "பெர்மிஷன் டினைட்" என்று பார்போர்ட்0 திறக்கும்போது வந்தால் குழு, 5ஆம் படி. "ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமென்டட்" என்றால் கெர்னலில் வசதியே சேர்க்கப்படவில்லை. செய்தி எதுவும் இல்லாமல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்றால் அனுமதி கேட்காத போர்ட்டைத் தொட்டிருக்கிறீர்கள்: தப்பான முகவரி, தப்பான வரிசை, அல்லது ஐஓபெர்மின் விடையைச் சரிபார்க்காமலே மேலே போய்விட்டது.

எந்தப் பிழையும் இல்லை, படித்தால் எப்போதும் 255 வருகிறது என்றால் அந்த முகவரியில் வன்பொருளே இல்லை. 3ஆம் படிக்குத் திரும்புங்கள்.

10. மேம்படுத்தலுக்குப் பிறகு

வேலை செய்துகொண்டிருந்தது ஒரு காலையில் நின்றுவிட்டால், பெரும்பாலும் முந்தின நாள் மேம்படுத்தல் நடந்திருக்கும். தொகுப்பு புதுப்பிக்கப்பட்டால் நிரல் கோப்பு மாறி, நீங்கள் கொடுத்த கேபபிலிட்டி போயிருக்கும், கெட்கேப் பாருங்கள். பயாஸ் மேம்பட்டிருந்தால் செக்யூர் பூட் மறுபடி இயங்கியிருக்கலாம். லாக்டவுன் கோப்பைப் பாருங்கள். எல்பி மறுபடி ஏறியிருக்கலாம்; எல்எஸ்மாட் பாருங்கள். பட்டறைக் கணினி என்றால், வேலை செய்யும் கெர்னல் தொகுப்பை ஏபிடி-மார்க் ஹோல்ட் கொடுத்து நிறுத்திவிட்டு, வேலை இல்லாத ஒரு நாளில் மட்டும் அதை விடுவித்து மேம்படுத்துங்கள். பழைய கெர்னலை க்ரப் பட்டியலிலிருந்து அழிக்காதீர்கள். புதியதில் ஏதாவது நின்றால், பழையதில் துவக்கி அன்றைய வேலையை முடித்துவிடலாம்.